நிதி திரட்டும் ஏலத்தில் பழைய கோல்ஃப் மட்டைகள்: எதை வாங்கலாம், எவ்வளவு வரை கேட்கலாம்?

கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். நியூ ஜெர்சியில் வசிக்கும் தமிழ் நண்பர் ஒருவரைக் குழந்தைகள் நல நிதிக்காக நடக்கும் இரவு விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். விருந்தின் நடுவே ஏலம் உண்டு. பட்டியலில் கோல்ஃப் மட்டைகள் மூன்று இனங்களாக வருகின்றன. "1890களின் ஸ்காட்லாந்து மட்டைகள்" என்ற குறிப்புடன், மரத் தண்டு கொண்ட ஏழு மட்டைகளும் ஒரு கான்வாஸ் பையும் முதல் இனம். புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவரின் கையெழுத்து இருக்கும் பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டிவிடும் மட்டை), கண்ணாடிச் சட்டத்துக்குள், இரண்டாவது. "ஹெச். பில்ப்" என்று முத்திரை குத்திய நீள்மூக்கு மர மட்டை மூன்றாவது. மாமனார் ஓய்வுக்குப் பிறகு கோல்ஃபே கதியாக இருப்பவர் என்பதால் அவருக்குப் பரிசளிக்க இவற்றில் ஒன்றை வாங்கலாமா, எந்த விலை நியாயம், ஏமாறாமல் இருக்க எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.

நான் வேலை நிமித்தமாக ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் சில ஆண்டுகள் இருந்தவன். அங்கே தொற்றிக்கொண்ட பழக்கம் இது. இருபது ஆண்டுகளாக விடவில்லை. ஆட்டம் எனக்குச் சுமாராகத்தான் வரும். மட்டைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

கடையில் பொருள் வாங்கும்போது அது அந்த விலை பெறுமா என்ற ஒரே கேள்விதான். நிதி திரட்டும் ஏலத்தில் நீங்கள் கொடுக்கும் தொகைக்குள் இரண்டு தொகைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: மட்டையின் சந்தை விலை ஒன்று, குழந்தைகளுக்கு நீங்கள் மனமுவந்து தரும் கொடை இன்னொன்று. விருந்து மண்டபத்தில், பக்கத்து மேசைக்காரர் கை தூக்கிக்கொண்டிருக்கும்போது, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. ஆகவே வீட்டிலேயே, ஒரு தாளில், இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொண்டு போங்கள். மட்டைக்கு 150 டாலர், நிதிக்கு 200 டாலர் என்று எழுதியிருந்தால், 350 வரை கேட்கலாம்; அதில் ஏமாற்றமும் இல்லை, வருத்தமும் இல்லை. மட்டையே 350 பெறும் என்று நம்பிக் கேட்பதுதான் பிறகு கசப்பைத் தரும்.

அமெரிக்க வருமான வரி விதியும் இதே பிரிவினையைத்தான் செய்கிறது. ஏலப் பொருளின் நியாயமான சந்தை மதிப்புக்கு மேல் நீங்கள் கொடுத்த தொகை மட்டுமே நன்கொடைக் கழிவுக்கு உரியது. அதுவும் மதிப்பு இவ்வளவுதான் என்று தெரிந்தே நீங்கள் கூடுதலாகக் கொடுத்திருக்க வேண்டும். 75 டாலருக்கு மேல் பெற்றுக்கொண்டு பதிலுக்குப் பொருள் தரும் அறநிறுவனம், அந்தப் பொருளின் உத்தேச மதிப்பை எழுத்தில் தெரிவிக்கக் கடமைப்பட்டது. எனவே பட்டியலில் ஒவ்வோர் இனத்துக்கும் மதிப்பு போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லையென்றால் கேளுங்கள். "விலைமதிப்பற்றது" என்று அச்சிட்டிருந்தால், மதிப்பிட யாரும் உட்காரவில்லை என்று பொருள்.

அடுத்த கேள்வியை ஏல அமைப்பாளரிடம் தயங்காமல் கேட்க வேண்டும்: இந்த மட்டைகளை யார் கொடுத்தார்கள்? அன்பர் ஒருவர் தம் வீட்டிலிருந்து கொடுத்திருந்தால் நீங்கள் தரும் பணம் ஏறக்குறைய முழுவதும் நிதிக்குப் போகும். ஆனால் விளையாட்டு நினைவுப் பொருள்களை விருந்துகளுக்கு "இலவசமாக" அனுப்பிவைக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஏற்பாட்டில், வியாபாரி தனக்கென்று ஓர் அடிப்படைத் தொகையை நிர்ணயித்துவிடுவார். அதற்கு மேல் வருவது மட்டுமே அறநிறுவனத்துக்கு. விற்காவிட்டால் பொருள் திரும்பிப் போகும். சட்டப்படி இதில் தவறில்லை, அமைப்பாளருக்கும் நட்டமில்லை. ஆனால் 900 டாலர் கொடுத்து வாங்கியவர் குழந்தைகளுக்கு 900 கொடுத்ததாக நினைத்துக்கொண்டு வீடு திரும்புவார். போய்ச் சேர்ந்தது 150 ஆக இருக்கலாம். கண்ணாடிச் சட்டமிட்ட கையெழுத்துப் பொருள்களில்தான் இந்த ஏற்பாடு மிகுதி. உங்கள் பட்டியலில் இரண்டாவது இனம் அப்படி வந்ததாக இருக்கக்கூடும் என்பது என் சந்தேகம்.

இனி மட்டைகள். கோல்ஃப் மட்டைக்கு விலை இரண்டு காரணங்களால் ஏறுகிறது: யார் செய்தது, யார் கையில் இருந்தது. முதல் வகைக்கு நல்ல உதாரணம், 2007ஆம் ஆண்டு நியூயார்க் சதபீஸ் ஏலத்தில் 1,81,000 டாலருக்கு விலைபோன நீள்மூக்குப் பட்டர். எடின்பரோவின் துறைமுகப் பகுதியான லீத்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ டிக்ஸன் என்ற கைவினைஞர் செய்தது என்று கருதப்படுவது. அவர் சிறுவனாக இருந்தபோது, பின்னாளில் இரண்டாம் ஜேம்ஸ் மன்னரான யார்க் கோமகனுக்கு மட்டை சுமந்தவர் என்பது கோல்ஃப் வரலாற்றில் வழங்கும் செய்தி. இரண்டாவது வகைக்கு, 1996இல் ஜாக்குலின் கென்னடி ஒனாசிஸின் உடைமைகளை ஏலம் விட்டபோது வந்த ஜான் கென்னடியின் மெக்ரெகர் நிறுவன மர மட்டைகளைச் சொல்லலாம். அதே மாதிரி மட்டைகள் அன்று எந்தப் பழம்பொருள் கடையிலும் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பட்டியலிட்ட மதிப்பே சில நூறு டாலர்தான். விலைபோனதோ, பையோடு சேர்த்து, 7,72,500 டாலர். மரத்துக்கும் உலோகத்துக்கும் அதில் பங்கே இல்லை. பையில் பொறித்திருந்த ஜே.எஃப்.கே. என்ற மூன்று எழுத்துக்குத்தான் அவ்வளவும்.

யார் கையில் இருந்தது என்பதற்கான விலை முழுக்க முழுக்க அத்தாட்சியில் நிற்கிறது. டைகர் உட்ஸ் 2000-2001இல் தொடர்ந்து நான்கு பெரும் பட்டங்களை வென்றபோது பயன்படுத்தியவை என்ற இரும்பு மட்டைகள் 2010இல் 57,242 டாலருக்கு விற்றன. அப்போது உட்ஸ் தரப்பே, அசல் மட்டைகள் தம் வீட்டில் இருப்பதாகச் சொன்னது. விற்றவர் மட்டை நிறுவனத்தில் ஆட்டக்காரர்களுக்கு மட்டை வழங்கும் பொறுப்பில் இருந்தவர். பிரமாணப் பத்திரம் கொடுத்தார், பொய் கண்டறியும் சோதனைக்கும் உட்பட்டார். அந்தக் காகிதங்களோடு அதே மட்டைகள் 2022 ஏப்ரலில் 51 லட்சம் டாலரைத் தாண்டின. ஆட்டக்காரர் தரப்பே மறுத்த பொருளுக்கு இந்த விலை என்றால், காகிதத்தின் வலிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் மனத்துக்கு நெருக்கமானது வேறொரு மட்டை. பென் ஹோகன் 1949 பிப்ரவரியில் கார் விபத்தில் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டவர். மறு ஆண்டு ஜூனில், கட்டுப்போட்ட கால்களோடு, ஃபிலடெல்ஃபியா அருகே மெரியன் மைதானத்தில் அமெரிக்க ஓப்பன் கடைசிக் குழியில் அவர் 1-ஆம் எண் இரும்பு மட்டையால் அடித்த அடியின் புகைப்படத்தைப் பார்க்காத கோல்ஃப் ரசிகர் இருக்க முடியாது. அன்று மாலையே அந்த மட்டை அவர் பையிலிருந்து திருட்டுப்போனது. மறுநாள் நடந்த கூடுதல் ஆட்டத்தில் அது இல்லாமலே வென்றார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, பழைய மெக்ரெகர் மட்டைகளை மொத்தமாக வாங்கிய சேகரிப்பாளர் ஒருவரின் கண்ணில், ஒரு 1-ஆம் எண் இரும்பின் முகத்தில் சிறு நாணயம் அளவுக்குத் தேய்ந்திருந்த இடம் பட்டது. சாதாரண ஆட்டக்காரர் அடித்த மட்டையில் தேய்மானம் முகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும். ஆண்டுக்கணக்கில் ஒரே புள்ளியில் பந்தைச் சந்தித்த கை எது என்று யோசித்தவர், மட்டையை ஹோகனிடமே அனுப்பினார். அவரும் தம்முடையதுதான் என்றார். இன்று அது அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அருங்காட்சியகம் உங்கள் நியூ ஜெர்சியின் லிபர்ட்டி கார்னரில்தான். ஏலத்துக்கு முன் மாமனாரோடு ஒரு நடை போய்வாருங்கள். அசல் எப்படி இருக்கும் என்று கண் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

முதல் இனத்துக்கு வருகிறேன். இதில்தான் பார்க்க நிறைய இருக்கிறது, நீங்களே பார்க்கவும் முடியும். ஹிக்கரி என்பது அமெரிக்கக் காடுகளில் வளரும் உறுதியான மரம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1920களின் இறுதி வரை உலகெங்கும் மட்டைத் தண்டுகள் அதில்தான் செய்யப்பட்டன. எஃகுத் தண்டை அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1924இல் ஏற்றது. பிரிட்டனில் ஆட்ட விதிகளை வகுத்த, ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரின் ராயல் அண்ட் ஏன்ஷியன்ட் கழகம் 1929 வரை பிடிவாதம் பிடித்து, பிறகு இறங்கிவந்தது. இடையில் பல லட்சம் ஹிக்கரி மட்டைகள் தொழிற்சாலைகளில் உற்பத்தியாயின. அதனால்தான் மரத் தண்டு என்பது மட்டும் ஒரு மட்டையை அரிதாக்குவதில்லை. சாதாரண ஹிக்கரி மட்டை ஒன்று இன்றும் சில பத்து டாலருக்குக் கிடைக்கும். பரண்மேல் கண்டெடுத்தவர்கள் இதைக் கேட்டால் முகம் வாடுவார்கள்.

முதல் சோதனைக்கு ஒரு காந்தத் துண்டு போதும். எஃகுத் தண்டு வந்த பிறகும் பழைய ஆட்டக்காரர்களுக்கு மரத்தின் மீது பற்று போகவில்லை. அவர்களைச் சமாதானப்படுத்த, எஃகுத் தண்டின் மேல் மர நிறத்தில் செல்லுலாய்டு உறை போட்டு விற்றார்கள். 1930இல் ஒரே ஆண்டில் நான்கு பெரும் பட்டங்களையும் வென்று ஓய்வுபெற்ற பாபி ஜோன்ஸின் பெயரில் ஸ்பால்டிங் நிறுவனம் 1932 முதல் விற்ற மட்டைகளில் இப்படி மஞ்சள் உறை போட்டவை ஏராளம். தூரத்தில் பார்த்தால் ஹிக்கரியேதான். நானே ஏமாந்திருக்கிறேன். சேகரிக்கத் தொடங்கிய புதிதில், நிதி திரட்டும் விருந்து ஒன்றில் "ஹிக்கரி மட்டைகள், நான்கு" என்று அறிவித்ததை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பார்த்து மயங்கி, கேட்கக் கூடாத விலைக்குக் கேட்டேன். மறுநாள் காலை, சமையலறையில் சாய்த்து வைத்திருந்த மட்டையின் தண்டில், குளிர்பதனப் பெட்டியில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த காந்தத்தை என் மகள் விளையாட்டாக ஒட்டினாள். அது ஒட்டிக்கொண்டது. மட்டையின் தலை இரும்பென்பதால் அங்கே எப்படியும் ஒட்டும். தண்டின் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

தண்டு மரம்தான் என்று உறுதியானால், அடுத்தது "1890கள்" என்ற கூற்று. இரும்பு மட்டையின் முகத்தைப் பாருங்கள். 1890களின் இரும்புகளுக்கு முகம் வழுவழுப்பாக இருக்கும். பந்து சுழல வேண்டும் என்பதற்காக முகத்தில் புள்ளியும் கோடும் பொறிப்பது 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டு தொடங்கிப் பரவிய வழக்கம். ஆனால் பட்டர்கள் எல்லாக் காலத்திலும் வழுவழுப்பாகவே வந்தன, ஆகவே பட்டரை வைத்து இந்த முடிவுக்கு வராதீர்கள். பின்புறத்தில் "ஸ்டெயின்லெஸ்" அல்லது "ரஸ்ட்லெஸ்" என்று குத்தியிருந்தால் வாதமே தேவையில்லை: துருப்பிடிக்காத எஃகு ஷெஃபீல்டில் உருவானது 1913இல். பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் இருந்தால், அல்லது இத்தனை கஜம் போகும் என்று தூரம் பொறித்திருந்தால், பெரும்பாலும் 1920களின் சரக்கு. பழைய காலத்தில் எண் கிடையாது. க்ளீக், மாஷி, நிப்ளிக், ஜிகர் என்று பெயர்கள்தான். மாமனாருக்கு இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் பேச்சு ஓடும்.

பின்புறத்தில் சிறிய சின்னம் ஒன்றும் இருக்கலாம். அது இரும்பை அடித்த கொல்லரின் அடையாளம். பக்கத்தில் இருக்கும் பெயர் பெரும்பாலும் விற்ற கடைக்காரருடையது அல்லது கழகப் பயிற்சியாளருடையது. புகைக்குழாய்ச் சின்னம் இருந்தால் செயின்ட் ஆண்ட்ரூஸின் டாம் ஸ்டூவர்ட். பாபி ஜோன்ஸ் 1930இல் பயன்படுத்திய இரும்புகளில் பெரும்பாலானவை அவர் பட்டறையில் பிறந்தவை. கை வடிவம் என்றால் லீவன் ஊரின் ஜார்ஜ் நிக்கல்; நட்சத்திரம் என்றால் கிங்ஹார்னின் கிப்சன். மர மட்டையில் கிரீடத்தோடு ஃபோர்கன் என்ற பெயர் இருந்தால், அது 1901க்குப் பிந்தியது: வேல்ஸ் இளவரசரின் மட்டைக்காரராக இருந்தபோது அந்தப் பட்டறை இளவரசரின் இறகுச் சின்னத்தைக் குத்தியது, அவர் ஏழாம் எட்வர்டாக அரியணை ஏறியதும் கிரீடத்துக்கு மாறியது. இப்படி ஒரு சிறு சின்னம் பத்தாண்டுக் கணக்கில் காலத்தைச் சொல்லிவிடும். "கையால் அடித்தது" என்ற முத்திரை மட்டும் எதையும் சொல்லாது. அதைக் குத்தாத பட்டறையே இல்லை.

ஏழு மட்டைகளில் ஒன்று விசித்திரமாக இருந்தால் அங்கே நிதானியுங்கள். இரும்பின் முகத்தில் ஆழமான பள்ளங்கள் வரிசையாக இருந்தால், அது ஜாக் ஹட்சிசன் 1921இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டம் வென்றபோது சர்ச்சைக்குள்ளான வகை. பிறகு தடைசெய்யப்பட்டதால் தயாரிப்பு நின்றுபோனது, சேகரிப்பாளர் தேடுவார்கள். அலுமினியத் தலையும், நடுவில் செருகிய தண்டுமாக ஒரு பட்டர் இருந்தால், அது ஸ்கெனெக்டடி வகையாக இருக்கலாம். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் பொறியாளர் ஆர்தர் நைட் 1903இல் காப்புரிமை பெற்றது. அமெரிக்கரான வால்டர் டிராவிஸ் 1904இல் அதைக் கொண்டு பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை வென்றார், 1910இல் பிரிட்டனில் அந்த வகைக்குத் தடை வந்தது, நீங்க 1952 ஆயிற்று. அலுமினியத் தலையில் மில்ஸ் என்ற பெயர் இருந்தால் இன்னொரு வியப்பு: சண்டர்லாண்டில் இந்த மட்டைகளை வார்த்த வில்லியம் மில்ஸ்தான் முதல் உலகப் போரில் மில்ஸ் கையெறி குண்டைத் தந்தவர். இத்தகைய ஒரு மட்டைக்காகவே மொத்தப் பையையும் வாங்கலாம். ஏலப் பட்டியல் எழுதியவர் கண்ணில் இது பட்டிருக்காது.

நிலையைப் பொறுத்தவரை, தண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கிக் குழல் பார்ப்பதுபோல் ஓர் ஓரக்கண்ணால் பாருங்கள், வளைவு தெரியும். தோல் பிடி அசலாக இருந்தால் கிழிந்திருந்தாலும் நல்லது. இரும்பு கண்ணாடிபோல் மின்னினால் யாரோ மெருகேற்றும் பஃப் இயந்திரத்தில் கொடுத்து, கொல்லரின் சின்னத்தையும் சேர்த்து அழித்திருக்கிறார்கள். வாங்கிய பிறகு நீங்களும் அதைச் செய்யாதீர்கள். துருவை மென்மையான எஃகுப் பஞ்சும் எண்ணெயும் கொண்டு லேசாகத் துடைத்தால் போதும், தண்டுக்கு ஆளிவிதை எண்ணெய். நுவரெலியா, கொடைக்கானல் போன்ற மலையூர்களிலும் 19ஆம் நூற்றாண்டிலேயே கோல்ஃப் கழகங்கள் தோன்றியதால், பழைய பங்களாக்களில் இத்தகைய மட்டைகள் கிடைப்பதுண்டு. அவற்றுக்கும் இதே பார்வைதான், மலை ஈரம் தோலையும் தண்டையும் என்ன செய்திருக்கிறது என்பதைக் கூடுதலாகப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இனமான கையெழுத்துப் பட்டரில் எனக்கு ஆர்வம் குறைவு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சான்றிதழ் என்பது அதைக் கொடுத்தவரின் பெயருக்கு இருக்கும் மதிப்பு மட்டுமே. பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ., பெக்கெட் போன்ற கையெழுத்துச் சரிபார்ப்பு நிறுவனங்கள் தரும் வரிசை எண்ணை அவர்களுடைய தளத்தில் சரிபார்க்கலாம். டைகர் உட்ஸ் என்றால் அப்பர் டெக் நிறுவனத்தின் ஒட்டுமுத்திரையைத் தேடுங்கள். சட்டத்தைச் செய்து விற்றவரே சான்றிதழும் கொடுத்திருந்தால் அதைப் படிக்க வேண்டியதில்லை. கையெழுத்திட்டவர் உயிரோடு இல்லையென்றால், பட்டர் எந்த ஆண்டில் தயாரானது என்று பாருங்கள். ஹோகன் 1997இலும், சேவ் பாயஸ்டரோஸ் 2011இலும், ஆர்னால்ட் பாமர் 2016இலும் மறைந்தார்கள். அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த மாதிரியில் அவர்கள் கையெழுத்து இருக்க வழியில்லை. இன்னொன்று: "கையெழுத்திட்டது" என்பதும் "ஆடியது" என்பதும் வேறு. ஆட்டக்காரர் கையெழுத்துப் போட்டது கடையில் வாங்கிய பட்டராக இருக்கலாம், அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

ஆனால் சட்டத்துக்குள் இருப்பது என்ன பட்டர் என்று கவனியுங்கள். பிங் நிறுவனத்தின் ஆன்ஸர் என்ற மாதிரியாக இருந்து, அடியில் பீனிக்ஸ் என்பதற்குப் பதிலாக ஸ்காட்ஸ்டேல் என்ற ஊர்ப்பெயர் பொறித்திருந்தால், அது தொடக்க காலத் தயாரிப்பு; கையெழுத்து போலியானாலும் பட்டருக்கே மதிப்பு உண்டு. பிங்கைத் தொடங்கியவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த கார்ஸ்டன் சோல்ஹைம், இவரும் ஜெனரல் எலக்ட்ரிக் பொறியாளர்தான், 1959இல் தம் வீட்டு கார் கொட்டகையில் பட்டர் செய்யத் தொடங்கினார். 1966இல் ஆன்ஸரின் வடிவம் தோன்றியபோது கைக்குக் கிடைத்த இசைத்தட்டு உறையில் வரைந்தார். ஆங்கிலத்தில் பதில் என்று பொருள்படும் சொல்லில் ஓர் எழுத்தை விட்டுவிட்டுப் பெயராக வைக்கலாம் என்றவர் அவர் மனைவி லூயிஸ். இன்று கடையில் தொங்கும் பட்டர்களில் பாதிக்குமேல் அந்த வடிவத்தின் பேரப்பிள்ளைகள் என்றே எனக்குத் தோன்றும்.

மூன்றாவது இனம்தான் எனக்கு உறக்கத்தைக் கெடுத்தது. ஹியூ பில்ப், செயின்ட் ஆண்ட்ரூஸில் தச்சராக இருந்து மட்டை செய்ய வந்தவர். 1819இல் அவ்வூர் கோல்ஃபர்கள் சங்கத்தின் மட்டைக்காரராக நியமிக்கப்பட்டார். 1856இல் இறக்கும் வரை செய்தார். நீள்மூக்கு மட்டைகளில் அவர் கைவண்ணத்தை மிஞ்சியவர் இல்லை என்பது பெரும்பாலானோர் கருத்து, எனக்கும் அதுவே. மெலிந்த கழுத்து, படகைப் போல் நீண்டு ஒடுங்கிய தலை, எங்கும் ஒரு கூர்முனை உறுத்தாத வழவழப்பு. புகழ் பெரிதென்பதால் போலியும் பெரிது: அவர் இறந்த பிறகு அவர் பெயரைக் குத்திய மட்டைகள் புழங்கின. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட போலி என்றால் மரத்தின் வயதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பெயர் முத்திரையைக் கடைசியில் பாருங்கள்.

முதலில் தலையும் தண்டும் சேரும் இடம். அக்காலத்தில் தலையில் துளையிட்டுத் தண்டைச் செருகுவதில்லை. இரண்டையும் சாய்வாகச் சீவி, பசையிட்டு ஒட்டி, தார் பூசிய நூலால் இறுகச் சுற்றுவார்கள். செருகு மட்டை என்றால் 1890களிலோ அதற்குப் பிறகோ செய்தது; பில்ப் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே மண்ணுக்குள். அடுத்து அடிப்பாகம்: முன்விளிம்பில் ஆட்டுக்கடாக் கொம்பின் பட்டை ஒன்றைப் பதித்து மர ஆணிகளால் அறைந்திருப்பார்கள். அங்கே திருகாணித் தலை தெரிந்தால், அல்லது அடி முழுக்கப் பித்தளைத் தகடு இருந்தால், பிற்காலத்தது. பின்புறத்தில் குடைந்து ஈயம் வார்த்திருப்பார்கள். பழைய ஈயம் மங்கிய சாம்பல் நிறத்தில், சுற்றியுள்ள மரம் சுருங்கியதால் விளிம்பில் மெல்லிய இடைவெளியோடு இருக்கும். கடைசியாகக் கழுத்தின் தடிமன். 1848 வாக்கில் இறகு அடைத்த பந்தின் இடத்தைக் கெட்டியான கட்டாபெர்ச்சா பந்து பிடித்ததும் மெல்லிய தலைகள் பிளக்கத் தொடங்கின, செய்பவர்கள் தலையையும் கழுத்தையும் தடிக்கச் செய்தார்கள். கழுத்து கட்டைவிரலைப் போல் தடித்திருக்கும் "பில்ப்" மட்டையை நான் நம்ப மாட்டேன். தண்டு மட்டும் புதியதாகத் தோன்றினால் அதற்காகத் தள்ளிவிடாதீர்கள்; தண்டு முறிவதும் மாற்றுவதும் அன்றாடம் நடந்தது. முகத்தில் அலங்காரத்துக்காக யானைத் தந்தம் பதித்த மட்டைகளும் பழைய சந்தையில் உண்டு. உங்களுடையதில் வெள்ளைத் துண்டு எதுவும் இருந்தால் எலும்பா தந்தமா என்று எழுத்தில் கேளுங்கள், ஏனெனில் 2016 முதல் அமெரிக்காவிலும் 2022 முதல் பிரிட்டனிலும் தந்த வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு இருக்கிறது.

இவ்வளவும் பார்த்து, இது அசலாக இருக்கலாம் என்று உங்களுக்கே தோன்றினால் என்ன செய்வது? மண்டபத்தில் வாயை மூடிக்கொண்டு 200 டாலருக்குத் தட்டிக்கொண்டு வருவது ஒரு வழி. சேகரிப்பாளர் கூட்டத்தில் அதைத் திறமை என்பார்கள், பழம்பொருள் கடையில் நானும் அப்படி வாங்கியிருக்கிறேன். குழந்தைகள் நல நிதிக்கு வந்த பொருளில் அதைச் செய்ய எனக்கு மனம் வராது. தலை, அடி, பின்புறம், சேர்மானம், முத்திரை ஆகிய ஐந்து இடங்களையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, அமைப்பாளரிடம் பேசி, அந்த ஓர் இனத்தை விருந்திலிருந்து விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கோல்ஃப் பழம்பொருள்களுக்கென்றே ஏலம் நடத்தும் நிறுவனங்கள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இருக்கின்றன. 1970இல் கோல்ஃப் சேகரிப்பாளர் சங்கமாகத் தொடங்கி, இப்போது கோல்ஃப் ஹெரிட்டேஜ் சொசைட்டி என்ற பெயரில் இயங்கும் அமெரிக்க அமைப்பின் உறுப்பினர்களில் நீள்மூக்கு மட்டைகளைத் தொட்டே சொல்லக்கூடியவர்கள் உண்டு. பில்ப் மட்டைக்கு உண்மையான விலை தரக்கூடியவர் அந்த விருந்து மண்டபத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. உலகெங்கும் சேர்த்தால் பலர் இருப்பார்கள். நிதிக்கு அதில் கிடைப்பது, விருந்தில் கிடைப்பதைப்போல் பல மடங்காக இருக்கும்.

அப்படி நடந்தால் பில்ப் உங்கள் மாமனாருக்கு வராது. முதல் இனத்தின் பையில் தண்டு நேராக இருக்கும் ஒரு மாஷி, அதாவது நடுத்தரத் தூரத்துக்கான இரும்பு மட்டை, கட்டாயம் இருக்கும். மட்டைகளுக்கு என் கணக்கில் 250 டாலர் வரை, கொடை உங்கள் விருப்பம். தோல் பிடியை ஒரு முறை துடைத்துவிட்டு, மென்மையான பந்து இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். அந்த மட்டையால் அவர் தாராளமாக ஆடலாம்.